காருக்குக் காய்ச்சல் வந்தால்...
தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதுமா?

மே மாதப் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மும்பைத் தமிழர்களுக்கு ஊர் நினைப்பும் கூடவே வந்துவிடும். ரயிலில் இடம் கிடைக்காத சிலர் சொந்தக் காரிலேயே குடும்பத்துடன் புறப்பட்டு விடுகிறார்கள். புனே, சதாரா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், ஓசூர் வழியாகச் சென்னை வரை 1,300 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட பயணம்.

அந்தப் பயணத்தின் முதல் நூறு கிலோ மீட்டருக்குள்ளேயே காருக்கு ஒரு பரீட்சை காத்திருக்கிறது. கோபோலியிலிருந்து கண்டாலாவுக்கு ஏறும் போர் காட் மலைப்பாதைதான் அது. அதில் தேறினால், புனேக்கு அப்பால் கம்பட்கி காட். உச்சி வெயில், கார் நிறைய ஆட்கள், ஏ.சி. ஓட்டம், முன்னால் ஊர்ந்து செல்லும் லாரிகள் என்று எல்லாம் சேர்ந்துகொள்ளும்போது, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும் கார்கள் கண்ணில் படுவது வழக்கம்.

கையிலிருக்கும் பாட்டில் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டுப் புறப்படுவதுதான் அங்கே பெரும்பாலோர் செய்யும் வைத்தியம். ஆனால் மலையில் தெரியும் அந்தக் காய்ச்சல், பல வாரங்களுக்கு முன்பே வீட்டு வாசலில் தொடங்கிவிட்ட நோய்.

குறைவது ஏன்?

பெட்ரோல் எரிந்து தீர்ந்துபோகும். கூலண்ட் அப்படியல்ல. அது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுற்றிச் சுற்றி வருவது. எரிபொருள் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அது சுமந்து வந்து காற்றில் விடுகிறது. மாதாமாதம் அது குறைகிறது என்றால், எங்கோ வெளியேறுகிறது என்றுதான் பொருள். ஊற்றிக்கொண்டே இருப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பதற்குச் சமம்.

பழைய பத்மினி டாக்சி ஓட்டியவர்கள் பலர் டிக்கியில் தண்ணீர் கேன் வைத்திருப்பார்கள். அந்த டாக்சிகள் 2023 அக்டோபருடன் மும்பைச் சாலைகளை விட்டு விடைபெற்றுவிட்டன. ஆனால் அந்தக் கேன் பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றைய எஞ்சின்களில் அலுமினிய பாகங்கள் அதிகம். வெறும் தண்ணீர் அவற்றை அரிக்கும். போர் தண்ணீரில் உள்ள உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துவிடும். கம்பெனி சொல்லும் கூலண்ட்டையே ஊற்ற வேண்டும். கலக்கவேண்டிய வகையானால், பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையே சேர்க்க வேண்டும். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்குவது தவறு. நிறம் ஒன்றானாலும் சரக்கு வேறாக இருக்கலாம்.

மூடியின் மகிமை

சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சுமார் 1 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. சமையலறைக் குக்கர் செய்வதும் இதைத்தான். காரில் அந்த வேலையைச் செய்வது ரேடியேட்டர் மூடி. கூலண்ட்டும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்திருந்தால், கொதிநிலை 130 டிகிரியை நெருங்கிவிடும்.

மூடிக்குள் இரண்டு வால்வுகள் உண்டு. எஞ்சின் சூடேறிக் கூலண்ட் விரியும்போது, மிகுதியானதை ஒரு வால்வு பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அனுப்பும். எஞ்சின் ஆறியதும், மற்றொரு வால்வு அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டாலோ, பாட்டிலுக்குப் போகும் டியூப் வெடித்திருந்தாலோ, போனது திரும்பாது. பாட்டில் நிரம்பி வழியும். ரேடியேட்டரோ காலியாக இருக்கும். பாட்டிலை மட்டும் பார்ப்பவர், 'நிறைய இருக்கிறதே!' என்று ஏமாந்து போவார்.

இதற்கு மருந்து ஒரு புதிய மூடி அல்லது ஒரு டியூப். பழைய மூடியில் பொறித்துள்ள அதே அழுத்த எண் கொண்ட மூடியாக வாங்குவது முக்கியம். இன்றைய கார்கள் பலவற்றில் ரேடியேட்டரின் மேல் மூடியே கிடையாது. பாட்டிலின் மூடிதான் அழுத்த மூடி.

வழிவதில் பல வகை

பாட்டிலில் மேல் கோட்டையும் தாண்டி ஊற்றியிருந்தால், சூட்டில் விரிந்து கொஞ்சம் வழியும். அது நோயல்ல. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும் காலை வேளையில், இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருப்பதே சரியான அளவு.

நகர நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது தணிந்தால், ஃபேன் சுழலவில்லை என்று சந்தேகிக்கலாம். நகருக்குள் நன்றாக ஓடி, மேட்டிலும் நெடுஞ்சாலை வேகத்திலும் சூடேறினால், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம்.

எஞ்சின் ஓடும்போது பாட்டிலில் குமிழிகள் ஓயாமல் வந்தாலும், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும், எஞ்சின் ஆயில் பால் கலந்த டீயைப்போல் மாறியிருந்தாலும், ஹெட் காஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் காரை ஓட்டக் கூடாது.

வழியாமலேயே குறைகிறதா? இரவு நிறுத்தும்போது காரின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்துக் காலையில் பார்க்கலாம். ஹோஸ் முனைகள், கிளிப்புகள், வாட்டர் பம்ப்பின் அடி ஆகியவை வழக்கமாக ஒழுகும் இடங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது வாசனையில்லாத தெளிந்த நீர். கூலண்ட்டுக்கு நிறமும் தித்திப்பான வாசனையும் உண்டு. காருக்குள் கால் வைக்குமிடத்தில் அந்த வாசனையுடன் ஈரம் கண்டால், ஹீட்டர் ஒழுகுகிறது.

மும்பையில் டாக்சிகளும் ஏராளமான சொந்தக் கார்களும் சி.என்.ஜி.யில் ஓடுபவை. அழுத்தம் குறையும்போது வாயு குளிர்ந்து உறைந்துவிடாதிருக்க, அதன் ரெடியூசருக்குள்ளும் சூடான கூலண்ட் செலுத்தப்படுகிறது. பின்னால் கிட் பொருத்திய கார்களில் இதற்காக ஹோஸை வெட்டி இணைத்திருப்பார்கள். அந்த இணைப்புகளையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

வழியில் முள் ஏறினால்

முதலில் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்க வேண்டும். எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி காருக்குள் வந்துவிடும். வேர்க்கும்; ஆனால் எஞ்சின் பிழைக்கும். அப்போதும் முள் இறங்காவிட்டால், அல்லது ஆவி கிளம்பினால், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது. கூலண்ட் முழுவதும் போய்விட்டால், சூட்டைக் காட்டும் சென்சார் வெறும் காற்றில் நின்று பொய் சொல்லும்.

சூடான மூடியில் கை வைக்கவே கூடாது. குக்கரை வெயிட்டோடு திறப்பதைப் போன்றது அது. அழுத்தம் விலகிய மறுகணம் உள்ளேயுள்ள நீர் ஆவியாகச் சீறி, முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அரை மணி நேரமாவது பொறுத்து, மேல் ஹோஸ் கைபொறுக்கும் அளவுக்கு ஆறியபின், கனத்த துணியைப் போட்டு மெதுவாகத் திறக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழலாம். ஆறிய பிறகு, வேறு வழியில்லாதபோது சாதாரணத் தண்ணீரை ஊற்றி அடுத்த ஒர்க்‌ஷாப் வரை போகலாம். அதோடு காரியம் முடிந்ததாக நினைப்பதுதான் ஆபத்து.

கூலண்ட் விஷம் என்பதையும் வீட்டிலுள்ளவர்களுக்குச் சொல்லி வைப்பது நல்லது. அது தித்திப்பானது. மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்தால், குழந்தை எடுத்துக் குடித்துவிடும் அபாயம் உண்டு.

செலவுக் கணக்கு

மூடி, டியூப், கிளிப் எல்லாம் சிறு செலவு. குர்லா சி.எஸ்.டி. ரோடு கடைகளில் கேட்டாலே தெரியும். அவற்றைக் கவனிக்காமல் விட்டு, ஹெட்டைக் கழற்றி மட்டம் பார்த்து, காஸ்கெட் மாற்றும் நிலைக்கு வந்தாலோ, ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளமே அதில் கரைந்துவிடலாம். கடனில் டாக்சி எடுத்தவருக்கு, வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானமற்ற நாள்; தவணை மட்டும் நிற்பதில்லை.

ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பிருந்தே தினமும் காலையில் பாட்டிலைப் பார்த்து, பென்சிலால் கோடு போட்டு வரலாம். ரேடியேட்டரில் மூடி இருந்தால், ஆறியிருக்கும் வேளையில் அதையும் திறந்து பார்க்க வேண்டும். கோடு இறங்காவிட்டால் நிம்மதியாகப் புறப்படலாம். இறங்கினால், தண்ணீர் கேனைத் தேடுவதற்கு முன் மெக்கானிக்கைத் தேடுவதே புத்திசாலித்தனம்.