எஞ்சினில் வீணாகும் எண்ணெய்: சென்னை ஆய்வுக்கூடங்கள் சொல்லும் கணக்கு

உரத்திற்கும், விதைக்கும், ஆள் கூலிக்கும் கணக்கு எழுதி வைக்கும் விவசாயிகள் பலர் எண்ணெய்ச் செலவுக்குத் தனியே கணக்கு வைப்பதில்லை. ஆனால் உழவு, நீர் இறைப்பு, கதிரடிப்பு, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லுதல் ஆகிய எல்லா வேலைகளிலும் டீசல் செலவாகிறது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் கடைத் தெருவில் விற்கும் கத்தரிக்காயின் விலையில், அதை ஏற்றி வந்த வண்டி குடித்த எண்ணெயின் விலையும் அடங்கியுள்ளது. அந்தச் செலவு கூடும்போது விளைவித்தவர் கைக்கு வரும் பணம் குறைகிறது. ஆகவே எஞ்சின்களைப் பற்றி அரசுச் செலவில் நடைபெறும் ஆராய்ச்சி, சிறு விவசாயிகளும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகும்.

ஆராய்ச்சி நடைபெறும் இடங்கள்

அடையாறுக்கும் கிண்டிக்கும் இடையே, காட்டை ஒட்டி அமைந்துள்ளது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம். மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இக்கழகம் மத்திய அரசின் நிதியில் இயங்குகிறது. இதன் எஞ்சின் ஆய்வுக்கூடத்தில் தாவர எண்ணெய், ஆல்கஹால், சாண எரிவாயு, ஹைட்ரஜன் ஆகியவற்றைக் கொண்டு எஞ்சின்களை இயக்கிப் பல சோதனைகள் செய்யப்பட்டுள்ளன. அருகில் கிண்டியில், 1794-ஆம் ஆண்டு நில அளவைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த பொறியியற் கல்லூரி உள்ளது. 1978-இல் அமைந்த அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமான இக்கல்லூரியிலும் எஞ்சின் ஆய்வு நடைபெறுகிறது.

நம் நாட்டில் இத்தகைய ஆராய்ச்சி உழவனின் வயலுக்கு நேரே வந்து சேர்ந்ததும் உண்டு. துர்காப்பூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்ததே சுவராஜ் டிராக்டர். 1974-ஆம் ஆண்டு முதல் அது தொழிற்சாலையில் தயாராகத் தொடங்கியது. அதே நிலையம் 2023-இல் மின்கலத்தால் ஓடும் சிறு டிராக்டர் ஒன்றையும் உருவாக்கி வெளியிட்டது.

நூறு பங்கில் முப்பது பங்கே வேலை

ஆய்வுக்கூடத்தில் எஞ்சினின் சுழலும் தண்டுடன் ஒரு தடைக் கருவியை இணைக்கிறார்கள். வயலில் கலப்பை கொடுக்கும் சுமையை அங்கு இக்கருவி கொடுக்கிறது. குறிப்பிட்ட சுமையில், குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு எண்ணெய் செலவாகிறது, எவ்வளவு வேலை கிடைக்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள். எண்ணெயில் அடங்கிய வெப்பத்தில் எத்தனை சதவீதம் வேலையாக மாறியது என்பதே எஞ்சினின் திறன் ஆகும்.

பம்பு செட்டில் பயன்படும் சிறு டீசல் எஞ்சினில் இது முழுச் சுமையில் சுமார் 30 சதவீதம்தான். மீதி வெப்பம் புகையுடனும், குளிர்விக்கும் நீருடனும், உராய்விலும் போய்விடுகிறது. சுமை குறைவாக இருந்தால் திறன் இதைவிடவும் குறையும். 3 குதிரைத் திறன் போதுமான கிணற்றுக்கு 8 குதிரைத் திறன் எஞ்சினை வைப்பவர் நாள்தோறும் எண்ணெயை வீணாக்குகிறார் என்பதற்குக் காரணம் இதுவே.

காட்டாமணக்கு எண்ணெயில் ஓடிய எஞ்சின்

தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எம். செந்தில்குமார், ஏ. ரமேஷ், பி. நாகலிங்கம் ஆகியோர் காட்டாமணக்கு எண்ணெயைக் கொண்டு ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினில் செய்த சோதனையின் முடிவுகளை 2003-ஆம் ஆண்டு வெளியிட்டனர். எண்ணெயை அப்படியே ஊற்றி ஓட்டியபோது எஞ்சினின் திறன் 27.4 சதவீதமாக இருந்தது. எண்ணெயுடன் மெத்தனால் சேர்த்து வேதி மாற்றம் செய்து, அதாவது பயோ டீசலாக்கி ஓட்டியபோது 29 சதவீதமாக உயர்ந்தது. மெத்தனாலைக் காற்றுடன் உள்ளே அனுப்பி, காட்டாமணக்கு எண்ணெயைத் தெளித்து எரித்தபோது 28.7 சதவீதம் கிடைத்தது. இம்முறையில் புகையும் வெகுவாகக் குறைந்தது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எண்ணெயின் பிசுபிசுப்பு. காட்டாமணக்கு எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டியானது. கெட்டியான எண்ணெய் நுண்ணிய துளிகளாகச் சிதறாது. சிதறாத எண்ணெய் சரியாக எரியாமல், நாசிலின் முனையிலும் பிஸ்டன் வளையங்களிலும் கரியாகப் படியும். வேதி மாற்றம் செய்தால் கிளிசரின் பிரிந்து, எண்ணெய் டீசலைப் போல இளகுகிறது. தாவர எண்ணெயை நேரடியாகப் பம்பு செட்டில் ஊற்றி ஓட்டலாம் என்று யாரேனும் கூறினால் நம்ப வேண்டாம். சில நாட்கள் ஓடும். பிறகு எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்யும் செலவு வந்து சேரும்.

எஞ்சின் ஏற்றது, நிலம் ஏற்கவில்லை

இத்தகைய முடிவுகள் வெளியான அதே காலத்தில் காட்டாமணக்கு சாகுபடி நாடெங்கும் ஊக்குவிக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோ டீசல் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்த இலக்கு நிறைவேறவில்லை. 2018-ஆம் ஆண்டின் புதிய கொள்கையில் அது, 2030-க்குள் 5 சதவீதம் என்று குறைக்கப்பட்டது. தரிசு நிலத்தில் தண்ணீரும் உரமும் இன்றிக் காய்த்துக் குலுங்கும் என்று நம்பிக் காட்டாமணக்கு நட்ட மானாவாரி விவசாயிகள் பலர் எதிர்பார்த்த விளைச்சலைக் காணவில்லை. சிலர் செடிகளைப் பிடுங்கி எறிந்தனர்.

இதில் ஆய்வுக்கூடத்தின் கணக்குத் தவறு என்று சொல்வதற்கில்லை. காட்டாமணக்கு எண்ணெயில் எஞ்சின் ஓடுமா என்பது ஒரு கேள்வி. காட்டாமணக்கு நட்டால் குடும்பம் பிழைக்குமா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு எஞ்சின் விடை சொன்னது. இரண்டாவது கேள்விக்கு மண்ணும், மழையும், விலையும் விடை சொல்ல வேண்டும். அந்த விடை வருவதற்கு முன்பே நடவு நடந்துவிட்டது. நான்கு கிலோ விதையை ஆட்டினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கும். விதை பறிக்கும் கூலியையும், ஆட்டும் கூலியையும் இதனுடன் கூட்டிப் பார்த்திருந்தால் கணக்கு அப்போதே தெரிந்திருக்கும். பிண்ணாக்கும் நச்சுத் தன்மை உள்ளது. மாட்டுக்கு ஆகாது, உரமாக மட்டுமே பயன்படும். புதிய எரிபொருள் பயிர் எதுவானாலும், வாங்குபவர் யார், விலை என்ன என்று எழுத்தில் உறுதி செய்துகொண்ட பின்னரே முழு நிலத்தையும் அதற்கு விட வேண்டும். அதுவரை வரப்பிலும் வேலியிலும் நட்டுப் பார்ப்பது போதுமானது.

சாண எரிவாயுவில் ஓடும் எஞ்சின்

சிறு விவசாயிக்கு இதைவிட அண்மையான ஆராய்ச்சி ஒன்று உள்ளது. இ. பொற்பதம், ஏ. ரமேஷ், பி. நாகலிங்கம் ஆகியோர் 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, எரிவாயுவின் தரத்தைப் பற்றியது. அவர்கள் எடுத்துக்கொண்ட வாயுவில் கரியமில வாயு 41 சதவீதம் இருந்தது. கரியமில வாயு எரியாது. எரியும் மீத்தேனின் இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. வாயுவைச் சுண்ணாம்பு நீரின் வழியே செலுத்தி, கரியமில வாயுவின் அளவை 30 சதவீதமாகவும், பின்னர் 20 சதவீதமாகவும் குறைத்தார்கள். எஞ்சினின் செயல்திறன் உயர்ந்தது. எரியாமல் வெளியேறும் வாயுவும் குறைந்தது.

இம்முறையை விவசாயி கையாள முடியுமா? ஒரு கன மீட்டர் எரிவாயுவில் கரியமில வாயுவை 41-லிருந்து 30 சதவீதமாகக் குறைக்கச் சுமார் அரைக் கிலோ நீற்றிய சுண்ணாம்பு தேவை. ஒரு கன மீட்டர் எரிவாயு ஏறக்குறைய அரை லிட்டர் டீசலுக்குச் சமம். ஊரில் சுண்ணாம்பு விலையையும் டீசல் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து விவசாயிகளே முடிவு செய்யலாம். சுண்ணாம்பு நீர் இல்லாவிட்டாலும், வாயுவைத் துருப்பிடித்த இரும்புத் தூள் நிரப்பிய குழாய் வழியே செலுத்துவது அவசியம். வாயுவில் உள்ள கந்தக வாயு எஞ்சினை அரித்துவிடும். இரும்புத் துரு அதைப் பிடித்துக்கொள்ளும்.

எத்தனை மாடுகள் வேண்டும்?

சாதாரண டீசல் எஞ்சினில், காற்றுடன் எரிவாயுவையும் உள்ளே விட்டு, பற்றவைக்கச் சிறிதளவு டீசலை மட்டும் பயன்படுத்தலாம். இதனால் டீசல் செலவில் 80 சதவீதம் வரை மிச்சமாகும். எரிவாயுவில் மட்டுமே ஓட வேண்டுமானால் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் பொருத்தி மாற்றியமைக்க வேண்டும்.

ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்குச் சுமார் 0.45 கன மீட்டர் வாயு தேவை. 5 குதிரைத் திறன் எஞ்சின் ஒரு மணி நேரம் எரிவாயுவில் ஓட 2.25 கன மீட்டர் வேண்டும். ஒரு கன மீட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணம் என்ற கணக்கில் 56 கிலோ சாணம் தேவைப்படும். ஒரு மாடு நாளொன்றுக்கு 10 கிலோ சாணம் போடும் எனக் கொண்டால், ஆறு மாடுகளின் சாணம் ஒரு மணி நேர நீர் இறைப்புக்குத்தான் ஆகும். ஆகவே இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்கள் வாயுவை அடுப்புக்குப் பயன்படுத்துவதே லாபம். பத்துப் பதினைந்து மாடு உள்ள பண்ணையாளர்களும், பால் உற்பத்தியாளர்கள் கூட்டாகச் சேர்ந்தும் எஞ்சின் ஓட்டுவதைப் பற்றி எண்ணலாம். எப்படியானாலும், கலனிலிருந்து வரும் கழிவுச் சாணம் நிலத்திற்கு நல்ல உரம்.

டிராக்டர் சக்கரம் வழுக்குகிறதா?

எஞ்சின் தரும் வேலையில் ஒரு பகுதி சக்கரத்தில் வீணாகிறது. மணி வாடகைக்கு டிராக்டர் அமர்த்தும் சிறு விவசாயிக்கு இது நேரடி நஷ்டம். சக்கரம் வழுக்க வழுக்க உழவு நேரம் நீளும். இதை அளப்பது எளிது. பின் சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் பத்துச் சுற்றுக்கு டிராக்டர் செல்லும் தூரத்தை அளக்க வேண்டும். பிறகு உழுதுகொண்டே பத்துச் சுற்றுக்குச் செல்லும் தூரத்தை அளக்க வேண்டும். முதல் தூரம் 40 மீட்டர், இரண்டாவது 35 மீட்டர் என்றால் வழுக்கல் 12.5 சதவீதம். 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் சக்கரத்திற்கு எடை கூட்ட வேண்டும், அல்லது உழும் ஆழத்தைக் குறைக்க வேண்டும்.

கீழ்க்கண்டவற்றையும் கவனிப்பது நல்லது.

1. கரும்புகை வந்தால் சுமை அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைத்துள்ளது, அல்லது நாசில் பழுது என்று அறியலாம். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள்.

2. டீசல் குழாயில் விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால், 20 சொட்டு ஒரு மில்லி என்ற கணக்கில், ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் வீணாகும்.

3. இலேசான வேலைகளை மேல் கியரில், எஞ்சின் வேகத்தைக் குறைத்துச் செய்தால் எண்ணெய் மிச்சமாகும்.

4. புதிய டிராக்டர் வாங்குவோர், மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள அரசு சோதனை நிலையத்தின் அறிக்கையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய்ச் செலவு அளந்து அதில் எழுதப்பட்டிருக்கும்.

பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்போர் கவனத்திற்கு

2025-ஆம் ஆண்டில் நம் நாடு பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலையை எட்டியது. கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து எத்தனால் கிடைப்பதால், இவற்றை விளைவிப்போருக்கு இது ஒரு சந்தை. ஆனால் எத்தனாலில் வெப்பம் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட நிபுணர் குழு அறிக்கை, பழைய இருசக்கர வண்டிகளில் எண்ணெய்ச் சிக்கனம் 3 முதல் 4 சதவீதம் குறையக்கூடும் என்று மதிப்பிட்டது. எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். ஆகவே விசைத் தெளிப்பான், களை வெட்டும் கருவி போன்றவற்றைப் பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது, தொட்டியிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை முழுவதும் வடித்துவிட வேண்டும். பழைய ரப்பர் குழாய்கள் ஊறியோ வெடித்தோ காணப்பட்டால் மாற்றிவிட வேண்டும்.

ஆராய்ச்சியாளர்கள் அரை சதவீதம், ஒரு சதவீதம் என்று பாடுபட்டு எஞ்சினின் திறனை உயர்த்துகிறார்கள். அடைத்துப்போன காற்று வடிகட்டியும் வழுக்கும் சக்கரமும் அதைவிடப் பல மடங்கை ஒரே நாளில் தின்றுவிடும். வரும் பருவத்தில் ஒரு நோட்டில் ஏக்கருக்கு எத்தனை லிட்டர் டீசல் செலவாயிற்று என்று எழுதி வைத்தால், எங்கே வீணாகிறது என்பது ஒவ்வொரு விவசாயிக்கும் தானே புலப்படும்.