ஆறேறி வரும் ஷாட் மீன்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் டெலவேர் என்று ஓர் ஆறு ஓடுகிறது. நியூயார்க் மாநிலத்து மலைகளில் பிறந்து, பென்சில்வேனியாவுக்கும் நியூஜெர்சிக்கும் எல்லையாக இறங்கி, பிலடெல்பியா நகரத்தைத் தொட்டுக்கொண்டு அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. நீளம் ஏறத்தாழ 530 கிலோமீட்டர். மார்ச் மாதக் கடைசியில் பனி உருகி, தண்ணீரின் கடுங்குளிர் சற்றே தணியும்போது, ஷாட் என்னும் மீன் கடலிலிருந்து கூட்டங்கூட்டமாக இந்த ஆற்றில் ஏறத் தொடங்கும். மே மாதம் வரை வரத்து இருக்கும். ஆற்றங்கரை விவசாயிகளுக்கு ஒரு காலத்தில் இது விதைப்புக்கு முன்னால் வரும் இன்னொரு மகசூலாக இருந்தது.

ஷாட் என்ற பெயர் நம் விவசாயிகளுக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் மீன் அவ்வளவு அந்நியமல்ல. ஆடிப் புதுவெள்ளத்தில் கொள்ளிடம் ஏறி வந்த உல்லம் இதற்கு நெருங்கிய உறவு. வங்காளத்தார் இலிஷ் என்றும், கோதாவரிக் கரையில் புலசா என்றும் விலை பாராமல் வாங்கிச் சாப்பிடுவது இந்த உல்லத்தைத்தான். இந்திய ஷாட் என்றே வெள்ளைக்காரர்கள் அதைக் குறிப்பிட்டார்கள். ஆகவே டெலவேரிலும் பக்கத்து ஆறுகளிலும் ஷாட்டுக்கு நேர்ந்தவை நமக்குச் சம்பந்தமில்லாத செய்திகள் அல்ல.

பிறந்த ஆற்றுக்கே திரும்பும்

ஷாட் பிறப்பது நன்னீரில், வளர்வது கடலில். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு கோடை முழுவதும் ஆற்றிலேயே சிற்றுயிர்களையும் பூச்சிகளையும் தின்று விரல் நீளத்துக்கு வளர்கிறது. இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிரத் தொடங்கியதும் கடலுக்கு இறங்கிவிடும். பிறகு மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை கடல் வாசம்தான். கோடையில் கனடா நாட்டுக் கரை வரை வடக்கே போய் மேய்கிறது. பருவம் வந்ததும், தான் பிறந்த அதே ஆற்றைத் தேடிக்கொண்டு வருகிறது. அந்த ஆற்றுத் தண்ணீருக்கென்று உள்ள மணம்தான் கடைசிக் கட்டத்தில் வழிகாட்டுகிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

வரும் நாளைத் தீர்மானிப்பது தண்ணீரின் வெப்பம். தென்கோடியில் உள்ள புளோரிடா ஆறுகளில் ஜனவரியிலேயே ஏறிவிடும். வடக்கே போகப் போகப் பருவம் தள்ளிப்போகும். கனெக்டிகட் ஆற்றில் ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை. ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அந்தி சாய்ந்த பிறகு முட்டையிடும். டெலவேர் கரையில் வெள்ளைப் பூப்பூக்கும் ஒரு சிறு மரம் இருக்கிறது. அது பூத்தால் ஷாட் வந்துவிட்டது என்று பொருள். அந்த மரத்துக்கே ஷாட் புதர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பெட்டை மீன் ஒன்று லட்சம் முதல் பல லட்சம் முட்டைகள் வரை இடும். இந்த முட்டை எதிலும் ஒட்டாது; ஆற்றின் அடியில் ஓட்டத்தோடு உருண்டபடியே பொரிக்கும். ஆகவே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தேங்கிய நீரில் வண்டல் படிந்தால் முட்டை மூச்சடைத்துச் சாகும். தென்மாநில ஆறுகளில் ஏறும் ஷாட் ஒரே முறை முட்டையிட்டு மடிந்துவிடுகிறது. வடக்கத்திய ஆறுகளில் பிழைத்துக் கடலுக்குத் திரும்பி, மறு ஆண்டும் வருகிற மீன் உண்டு.

வலையும் தூண்டிலும்

நியூஜெர்சியில் லாம்பர்ட்வில் என்ற ஊரில், ஆற்றின் நடுவே உள்ள சிறு தீவிலிருந்து 1888-ஆம் ஆண்டு முதல் லூயிஸ் குடும்பத்தார் ஷாட்டுக்கு வலை போட்டு வருகிறார்கள். முறை நம் கடற்கரைக் கரைவலையை ஒத்தது. வலையின் ஒரு முனைக் கயிற்றைக் கரையில் ஒருவர் பிடித்துக்கொள்வார். துடுப்புப் படகு வலையை இறக்கிக்கொண்டே ஆற்றின் குறுக்கே போகும். ஓட்டம் வலையைக் கீழே தள்ளத் தள்ள, கரையில் இருப்பவரும் கயிற்றோடு நடப்பார். படகு வளைந்து கரைக்குத் திரும்பியதும் இரு முனைகளையும் சேர்த்து இழுப்பார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் எத்தனை மீன் என்று எழுதிவைத்த கணக்கு இந்தக் குடும்பத்திடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. டெலவேர் ஷாட்டின் ஏற்ற இறக்கத்தை அறிய விஞ்ஞானிகள் இந்தக் கணக்கையே பயன்படுத்துகிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த மீனவன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டால் எவ்வளவு பயன் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

தூண்டில்காரர்கள் வேறு விதம். ஆற்றில் ஏறும் ஷாட் பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. ஆனாலும் கண்முன் பளிச்சென்று ஏதாவது குறுக்கிட்டால் கவ்விவிடும். அதற்காக, கூம்பு வடிவ ஈயத் தலையில் சிவப்பு வெள்ளைச் சாயம் பூசி, பின்னால் மயிர்க்குஞ்சம் கட்டிய சிறு தூண்டில் ஒன்று வைத்திருக்கிறார்கள். மீன் போகும் ஆழமான தடத்தின் ஓரமாக, காலையிலும் மாலையிலும் இதைப் போடுவார்கள். ஷாட்டின் வாய்த் தோல் மிக மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். விட்டுப் பிடித்துத்தான் கரை சேர்க்க வேண்டும்.

ருசியில் குறையில்லை, முள்தான் அதிகம். சினையைத் தனியே எடுத்து வதக்குவது அங்கே பெரிய விருந்து. மீனைப் பிளந்து ஓக் பலகையில் ஆணியடித்து, நெருப்புக்கு எதிரே நிறுத்திச் சுடுவதும் பழைய வழக்கம்.

மேலாற்று விவசாயிகள் இழந்த பங்கு

டெலவேருக்கு மேற்கே சஸ்குவஹானா என்ற பெரிய ஆறு இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அதன் மேல்பகுதியில், கடலிலிருந்து வெகு தூரத்தில் குடியேறிய விவசாயிகள் பல குடும்பங்களாகச் சேர்ந்து நூல் நூற்று, வலை பின்னி, ஷாட் பிடித்தார்கள். வலையில் யாருக்கு எவ்வளவு பங்கோ மீனிலும் அவ்வளவு பங்கு. பிடித்ததைப் பீப்பாயில் உப்பிட்டு ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்வார்கள். தூரத்து ஊர்க்காரர்கள் உப்பும் மேப்பிள் சர்க்கரையும் வண்டியில் கொண்டுவந்து கொடுத்து மீன் வாங்கிப் போவார்கள். அங்கே வையோமிங் பள்ளத்தாக்கில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பருவத்தில் ஓர் இழுப்பு மீனைக் கணவனை இழந்த பெண்களுக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். 'விதவையின் இழுப்பு' என்றே அதற்குப் பெயர்.

1830-களில் சரக்குப் படகுகளுக்கான கால்வாய்களுக்கு நீர் தேக்க ஆற்றின் குறுக்கே அணைகள் கட்டினார்கள். அத்தோடு மேலாற்றில் ஷாட் நின்றுபோனது. அணையால் லாபம் அடைந்தவர்கள் ஒரு சாரார். மீனை இழந்தவர்கள் மற்றொரு சாரார். இழந்தவர்களுக்கு ஈடாக ஒரு பீப்பாய் மீன்கூட வரவில்லை. 1928-இல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கோனோவிங்கோ மின்சார அணை வந்தபோது கடலுக்கு அருகிலேயே கதவு மூடியது.

ஷாட், சாமன் மீனைப் போல் துள்ளி ஏறாது. குறுகலான மீன் படிக்கட்டுகள் அதற்கு உதவுவதில்லை. ஆகவே பெரிய தொட்டியில் மீனைச் சேர்த்து, கிணற்று ஏற்றம் போல் மேலே தூக்கி அணைக்கு அப்பால் விடும் 'மீன் தூக்கி'களை அமைத்தார்கள். கனெக்டிகட் ஆற்றில் ஹோலியோக் அணையில் 1955-இல் இது தொடங்கியது. 1992-இல் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ஷாட் ஏறின. கோனோவிங்கோவில் 2001-இல் ஏறத்தாழ 1 லட்சத்து 93 ஆயிரம் ஏறின. ஆனால் அதற்கு மேலே இன்னும் மூன்று அணைகள். நான்கையும் தாண்டி முட்டையிடும் இடம் சேர்ந்தவை மிகச் சில. பிந்திய ஆண்டுகளில் கோனோவிங்கோவின் எண்ணிக்கையே சில ஆயிரங்களுக்கு இறங்கிவிட்டது. மெயின் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றின் எட்வர்ட்ஸ் அணையை 1999-இல் இடித்தே விட்டார்கள். 1837-இல் கட்டிய அணை அது. அங்கே மீன் தானாகவே ஏறத் தொடங்கியது. தூக்கி வைப்பதற்கும் வழி விடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மூச்சுத் திணறிய டெலவேர்

டெலவேரின் பிரதான ஓட்டத்தில் குறுக்கே அணை கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்குக் கரை ஆறுகளிலேயே அதிகமாக ஷாட் கிடைத்தது இங்கேதான். அப்போது கரை முழுவதும் சேர்த்து ஆண்டுக்கு 5 கோடி பவுண்டு அளவுக்குப் பிடித்தார்கள். அத்தனை பிடித்தால் எந்த மீன்தான் தாங்கும்? மகசூல் சரிந்தது. ஆனால் வலையைக் குறைத்தும் மீன் மீளவில்லை. காரணம் வேறு இடத்தில் இருந்தது.

பிலடெல்பியாவின் சாக்கடையும் ஆலைக் கழிவும் ஆற்றில் சேர்ந்தன. அவை அழுகும்போது தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். தண்ணீர் சூடேறினால் பிராணவாயுவைத் தாங்கும் சக்தியும் குறையும். கோடைக் குளத்தில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பதை நம் விவசாயிகள் பார்த்திருப்பார்கள், அதே நிலைதான். 1940-களிலும் 1950-களிலும் வெப்ப மாதங்களில் நகரத்தை ஒட்டிப் பல மைல் தூரத்துக்குப் பிராணவாயு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. கண்ணுக்குத் தெரியாத அணை அது. முன்பருவத்தில், குளிர்ந்த வெள்ளத்தோடு வந்த மீன்கள் தப்பி ஏறின. பின்தங்கியவையும், முட்டையிட்டுத் திரும்பியவையும் மாண்டன. லாம்பர்ட்வில்லில் வலை வெறுமையாகத் திரும்பிய நாட்கள் பல.

1961-இல் நான்கு மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து டெலவேர் வடிநில ஆணையம் அமைத்தன. எந்த ஊர், எந்த ஆலை எவ்வளவு கழிவு விடலாம் என்று 1960-களின் இறுதியில் அளவு நிர்ணயித்தார்கள். 1972-இல் நாடு முழுமைக்கும் தூய நீர்ச் சட்டம் வந்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. 1980-களில் ஷாட் திரும்பியது. அது பழைய அளவு அல்ல. ஆனாலும் வலையில் மீன் இருந்தது. கடலில் இடைமறித்துப் பிடிப்பதை 2005-இலிருந்து அட்லாண்டிக் மாநிலங்கள் நிறுத்திவிட்டன. தூண்டில்காரருக்கும் நாளொன்றுக்கு இத்தனை மீன்தான் என்ற வரம்பு உண்டு. இவ்வளவு செய்தும், 2020-இல் வெளியான மதிப்பீட்டில் கிழக்குக் கரை ஷாட் மொத்தத்தில் நலிந்த நிலையிலேயே இருப்பதாகக் கண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 1871-இல் சேத் கிரீன் என்பவர் சுமார் பத்தாயிரம் ஷாட் குஞ்சுகளைப் பால் கேன்களில் வைத்து ரயிலில் கொண்டுபோய், மறு கரையில் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ ஆற்றில் விட்டார். அந்த வம்சம் பெருகி வடக்கே கொலம்பியா ஆறு வரை பரவியது. 2019-இல் அங்கே ஒரே அணையைக் கடந்தவை மட்டும் 70 லட்சத்துக்கு மேல். பிறந்த வீட்டில் நலிந்த மீன், போன இடத்தில் ஊரை நிறைக்கிறது. அந்த ஆற்றுக்குரிய சாமன் மீனுக்கு இது நல்லதா என்ற கேள்வி எழுந்திருப்பது வேறு விஷயம்.

கொள்ளிடத்து உல்லம்

இதே சேத் கிரீன் 1867-இல் ஹோலியோக்கில் ஷாட் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க வைத்தார். அடியில் கம்பி வலை அடித்த மரப்பெட்டியைச் சற்றே சாய்வாக மிதக்கவிட்டு, ஓட்டமே முட்டையைப் புரட்டும்படி செய்ததுதான் அவர் கண்ட உபாயம். அப்படிப்பட்ட முயற்சி நம் கொள்ளிடத்திலும் நடந்திருக்கிறது. கீழணை 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டியது. மேலே ஏற முடியாத உல்லம் அதன் அடியில் வந்து கூடும். சென்னை மாகாண மீன் துறையின் நிபுணர் எச். சி. வில்சன் 1909-ஐ ஒட்டி அங்கேதான் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகக் கருவுறச் செய்து பார்த்தார். இந்தியாவில் அதுவே முதல் முயற்சி.

1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு புதுவெள்ளம் முன்போலக் கடல் வரை பாயவில்லை. அது பாசனத்துக்கு அளந்து விடப்பட்டது. டெல்டாவின் நெல் அதனால் நிலைபெற்றது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் உல்லத்தை அழைத்த நீர் அந்தப் புதுவெள்ளம்தான். காவிரியின் உல்லம் வரத்து அதன் பிறகு மங்கியது. கங்கையிலும் இதே கதை. முன்பு அலகாபாத்தையும் தாண்டி ஏறிய இலிஷ், 1975-இல் பராக்கா அணை இயங்கத் தொடங்கியதும் அதற்குக் கீழேயே நின்றுவிட்டது.

வங்கதேசத்தில் கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த இளமீனைப் பிடிக்க ஆண்டில் எட்டு மாதம் தடை. சினை மீன் ஏறும் அக்டோபர் வாக்கில் 22 நாள் முழுத் தடை. தடைக் காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு அரிசி கொடுக்கிறது. அரிசி இல்லாத தடை ஏழை மீனவனிடம் செல்லாது என்பதை அங்கே உணர்ந்திருக்கிறார்கள். 2002-03-இல் சுமார் 2 லட்சம் டன்னாக இருந்த மகசூல் 2017-18-இல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது.

கொள்ளிடத்தில் அரிசியும் தடையும் மட்டும் போதாது. முதலில் மீன் ஏறத் தண்ணீர் வேண்டும். வெள்ள ஆண்டுகளில் உபரி நீர் கீழணையைத் தாண்டிக் கடல் வரை ஓடுகிறது. மற்ற ஆண்டுகளில் அணைக்குக் கீழே மணல்தான். ஆடி, ஆவணி மாதங்களில் சில நாட்களாவது தொடர்ந்து முகத்துவாரம் வரை எவ்வளவு நீர் போக வேண்டும், அதைக் குறுவைப் பாசனத்துக்கு இடையூறில்லாமல் எந்த முறையில் விடலாம் என்பதைப் நீர்வளத் துறையும் மீன் துறையும் சேர்ந்து உட்கார்ந்து கணக்கிட வேண்டும்.