கத்தியில் ஓடும் அலைகள்

ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைகள் இருக்கும் பக்கம், அம்மாவுக்கு ஒரு சமையல் கத்தி வாங்கப் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு கத்தி கண்ணை இழுத்தது. குளத்துத் தண்ணீரில் காற்று பட்டதுபோல் அலகு முழுவதும் மெல்லிய அலைகள். “டமாஸ்கஸ்,” என்றார் கடைக்கார அங்கிள், அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா என்பதுபோல. விலையைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டேன். அந்த அலைகள் எப்படி வந்தன என்ற கேள்வி மட்டும் வீடு வரை கூடவே வந்தது.

இன்று இந்தப் பெயரில் விற்கும் கத்திகளில் தரமானவை, இருவகை எஃகுத் தகடுகளை அடுக்கிப் பழுக்கக் காய்ச்சி, அடித்து ஒட்டி, மடித்து மீண்டும் அடித்துச் செய்யப்படுபவை. கடைசியில் அமிலத்தில் தோய்த்தால் ஒருவகை எஃகு கறுக்கும், மற்றது மின்னும். மலிவான சிலவற்றில் அலை வெறும் லேசர் பொறிப்பு.

அமெரிக்காவில் இந்த அடுக்கு முறைக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர் வில்லியம் மோரன். 1973ல் தம் கத்திகளைக் காட்சிக்கு வைத்தார். 1976ல் கத்திக் கொல்லர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கம் ‘மாஸ்டர் ஸ்மித்’ பட்டத்துக்கு வைக்கும் தேர்வைப் பற்றிப் படித்தபோது, நம் ஏ நிலைத் தேர்வு எவ்வளவோ தேவலாம் என்று தோன்றியது. குறைந்தது 300 அடுக்கு கொண்ட எஃகில் கொல்லர் தாமே செய்த கத்தியால், அந்தரத்தில் தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். அதே கத்தியால் மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் கையிலுள்ள முடியை மழிக்கும் கூர்மை மிஞ்ச வேண்டும். கடைசியாகக் கத்தியை வைஸில் இறுக்கி 90 பாகை வளைப்பார்கள். உடைந்தால் தோல்வி, உடையாவிட்டாலும் அந்தக் கத்தி அதோடு சரி. அழகு பார்ப்பது இதற்கெல்லாம் பிறகுதான். ஐந்து அலங்காரக் கத்திகளை நடுவர்கள் முன் வைக்க வேண்டும். அவற்றில் ஒன்று, பழைய ஐரோப்பியப் பாணிக் குத்துவாள்.

ஆனால் டமாஸ்கஸ் என்று முதலில் பேர் வாங்கிய பழைய வாள்கள் அடுக்கி ஒட்டியவை அல்ல. அவற்றில் அலை எஃகுக்குள்ளேயே பிறந்தது. அந்த எஃகு இந்தியாவிலிருந்து, குறிப்பாகத் தெற்கிலிருந்து, கட்டி கட்டியாகக் கப்பலேறியது. ஐரோப்பியர் அதை ‘வூட்ஸ்’ என்றார்கள். கன்னடத்து ‘உக்கு’, நம் ‘உருக்கு’ ஆகியவற்றின் திரிபு அது என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஈரோடு மாவட்டம் கொடுமணலில், நொய்யல் ஆற்றங்கரை அகழாய்வில், பழங்கால இரும்பு, உருக்கு உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன.

சேலம் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் நேரில் பார்த்த ஆங்கிலேயர் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார்கள். மூசை எனப்படும் மண்குப்பியில் இரும்புத் துண்டு, கூடவே காய்ந்த ஆவாரங்கட்டை, மேலே எருக்கிலை. வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதிச் சில மணி நேரம் சூடேற்றுவார்கள். கட்டையிலும் இலையிலும் உள்ள கரிமம் இரும்பில் இறங்கும். நாம் வகுப்பில் படிக்கும் வேதியியல்தான்.

அந்த நூற்றாண்டிலேயே தொழில் அருகிப்போனது. கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடேகூட, 1820 வாக்கில் இந்த எஃகை ஆராய்ந்தார். மர்மம் முழுதாக விடுபடவில்லை. பிற்காலத்தில் ஃபுளோரிடாவில் குதிரைகளுக்கு லாடம் அடித்துவந்த ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும் பல ஆண்டுகள் உருக்கி அடித்துப் பார்த்தார்கள். இரும்புத் தாதுவில் வெனேடியம் போன்ற தனிமம் மிக நுண்ணிய அளவில் கலந்திருந்தால்தான் அலை தோன்றும் என்று 1998ல் எழுதினார்கள். அந்தத் தாது தீர்ந்ததும் அலையும் நின்றிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

எனக்கு உறுத்துவது அந்த இடம்தான். தாத்தா சொல்லிக் கொடுத்ததில் ஒன்றையும் விடாமல் பேரன் செய்கிறான். அலை வரவில்லை. தவறு தன் கையில் இல்லை, மண்ணில் இருக்கிறது என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

போன வாரம் மறுபடி அந்தக் கடைக்குப் போய், கத்தியின் முதுகைப் பார்த்தேன். உண்மையான அடுக்கு எஃகு என்றால் கோடுகள் முதுகிலும் தெரியும். தெரிந்தன. “இந்த மாதிரிக் கத்திக்கு முதல் எஃகு எங்கள் ஊர் உருக்கு,” என்றேன். “டமாஸ்கஸ்,” என்று பொறுமையாகத் திருத்தினார் அங்கிள். அம்மாவுக்குச் சாதாரணக் கத்தி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.