நுண்ணலகும் பேரலகும்: நுரைச்சோலை மின்கம்பிகளை முன்வைத்து ஒரு விளக்கம்

கற்பிட்டிக் குடாநாட்டில் அமைந்துள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதலாவது பிறப்பாக்கி 2011 இலும் ஏனைய இரண்டும் 2014 இலும் இயங்கத் தொடங்கின. அங்கிருந்து வெயாங்கொடை நோக்கிச் செல்லும் கம்பிகளின் மின்னழுத்தம் 220 கிலோ உவோற்று. இத்தகைய நிலையங்களில் கொதிநீராவியின் வெப்பநிலையை அறிவிக்கும் வெப்பவிணைகள் தருவனவோ மில்லி உவோற்றுக்களே. 540 பாகை செல்சியசில் கே வகை வெப்பவிணை ஏறத்தாழ 22 மில்லி உவோற்றைத் தரும். 2,20,000 உவோற்றை 0.022 உவோற்றால் வகுத்தால் விடை ஒரு கோடி. ஒரே வளவினுள் நிலவும் வேறுபாடு இது.

இவ்வகற்சியைக் கையாளவே முன்னடைகள் தோன்றின. கிலோ, மில்லி ஆகியன பிரெஞ்சுப் புரட்சி அரசின் 1795 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றவை. பிரபுக்கள் தத்தம் நிலங்களில் வெவ்வேறு அளவைகளை வைத்திருந்த நிலைக்கு எதிராகவே அச்சட்டம் எழுந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. நனோ, கிகா ஆகியவற்றைச் சர்வதேச அலகுமுறை 1960 இல் ஏற்றது. முன்னையதன் வேர்ச்சொல் குள்ளனையும் பின்னையதன் வேர்ச்சொல் அரக்கனையும் குறிக்கும். தமிழில் முந்திரி 1/320 ஆகும். கீழ்முந்திரி அதனினும் 320 மடங்கு சிறியது. பத்தின் அடுக்கில் அமையாமையால் நம் பின்னங்களை இம்முறையுடன் நேரே இணைத்தல் இயலாது.

மாற்றும் விதி எளிது. நனோ, மைக்குரோ, மில்லி, உவோற்று, கிலோ, மெகா, கிகா என்னும் வரிசையில் ஒவ்வொரு படியும் ஆயிரம் மடங்கு. மேற்படிக்குச் செல்கையில் எண்ணை ஆயிரத்தால் வகுக்கவும் கீழ்ப்படிக்கு இறங்குகையில் பெருக்கவும் வேண்டும். எனவே 220 கிலோ உவோற்று 0.22 மெகா உவோற்றாகும். நனோ உவோற்றில் 2.2 கோடி கோடி. ஆங்கிலக் குறியீட்டில் எம் என்னும் எழுத்து சிறிதாயின் மில்லி, பெரிதாயின் மெகா. இடைவெளி நூறு கோடி மடங்கு. எழுத்தில் பெரிது சிறிதறியாத தமிழில் கற்கும் மாணவர் இவ்விடத்தில் இடறுவதை அவர்தம் அறியாமை எனல் நியாயமன்று.

மாற்றம் என்னும் ஒரு சொல் இரு வேறு நிகழ்வுகளைக் குறிப்பதும் குழப்பத்திற்குக் காரணமாகும். முன்னடையை மாற்றுகையில் பெயரும் எண்ணுமே மாறும்; பொருள்நிலை மாறாது. நிலைமாற்றி செய்வதோ மெய்யான மாற்றம். வலு மாறாதிருக்க அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் மின்னோட்டம் பத்திலொன்றாகும். கம்பியில் வெப்பமாய் வீணாவது நூறிலொன்றாகக் குறையும். தொலைதூரக் கம்பிகளுக்கு உயரழுத்தம் வேண்டப்படுவது இதனாலேயே. வீட்டை அடையுமுன் அது 230 உவோற்றாக இறக்கப்படும்.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டு நுட்பமன்று. கம்பியின் கீழ் உலோக நீர்க்குழாயை நிமிர்த்தித் தூக்கும் வெங்காயத் தோட்டத் தொழிலாளியை எண்ணுக. 0.22 என்னும் எண் அவரை ஏமாற்றக்கூடும். உயரழுத்தம் காற்றிடைவெளியையும் தாண்டிப் பாயவல்லது, குழாய் கம்பியைத் தொடவேண்டுவதில்லை. எச்சரிக்கைப் பலகையில் 2,20,000 உவோற்று என முழுமையாகத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவதே தகும்.