செயற்கை முகமும் அதன் உள்வலிமையும்

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது நம் முன்னோர் வாய்மொழி. ஆயினும், நோயாலோ விபத்தாலோ ஒருவர் மூக்கையோ, செவியையோ, கண்ணையும் அதைச் சூழ்ந்த தசையையுமோ இழந்துவிட்டால், அவருடைய அகத்தின் அழகு குறைந்துவிடுகிறதா? இல்லை. மாறுவது பிறர் அவரை நோக்கும் பார்வையே. அப்பார்வைக்கு அஞ்சித் திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் செல்லாது, வாயிற்படிக்குள்ளேயே நாளைக் கழிப்போர் எவ்வூரிலும் உளர். 2021ஆம் ஆண்டில், கொரோனாவைத் தொடர்ந்து பரவிய கருப்புப் பூஞ்சை நோய் இந்நாட்டில் 40,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. உயிரைக் காக்கும்பொருட்டுப் பலருக்குக் கண்ணையோ மேல்தாடையையோ அகற்ற நேர்ந்தது. ஆதலால், செயற்கை முக உறுப்புகள் எவ்வாறு அமைகின்றன, எவ்வளவு காலம் உழைக்கின்றன என்பதை விஜயபுரம் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம்.

இழந்த முகத்தை மீட்கும் கலையில் நம் நாடு பின்தங்கியதன்று. திப்பு சுல்தானுடன் ஆங்கிலேயர் நடத்திய போரில் சிறைப்பட்டு மூக்கறுபட்ட காவாஸ்ஜி என்னும் வண்டியோட்டிக்கு, அவருடைய நெற்றித் தோலைக் கொண்டே புதுமூக்கு அமைத்த செய்தி 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்து, மேனாட்டு மருத்துவர்களை வியப்பில் ஆழ்த்தியது. நமக்கு அண்மையிலுள்ள வேலூருக்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீர்செய்து புகழ் பெற்றார். அந்நோயால் அமிழ்ந்த மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் திருத்தும் அறுவைகளும் அங்கே நடைபெற்றன.

எனினும், தசையும் எலும்பும் பெரிதும் போய்விட்ட இடத்திலும், கதிர்ச் சிகிச்சையால் தோல் நலிந்த இடத்திலும் அறுவை எப்போதும் கைகொடுப்பதில்லை. அங்கே செயற்கை உறுப்பே துணை. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு, பாரிஸ் நகரில் அன்னா கோல்மன் லாட் என்னும் சிற்பி அம்மையார் மெல்லிய செப்புத் தகட்டால் முகமூடி செய்து வண்ணம் தீட்டிக் கொடுத்தார். உருவம் ஒத்திருந்தது, ஆனால் சிரித்தாலும் அழுதாலும் அது அசையவில்லை. பின்னர் 1960இல் பார்ன்ஹார்ட் என்பவர் சிலிக்கோன் ரப்பரை இப்பணிக்குக் கொணர்ந்தார். தோலைப் போல் மென்மையும் நெகிழ்ச்சியும் உடைய அப்பொருளே இன்று உலகெங்கும் பெரிதும் வழங்குகிறது.

மென்மையே சிலிக்கோனின் சிறப்பு. அதன் குறையும் அதுவே. செயற்கை மூக்கின் ஓரம் கன்னத்தோடு கன்னமாய்க் கலந்து தோன்ற வேண்டுமானால், அவ்வோரத்தைக் காகிதத்தைப் போல் மெல்லியதாக வார்த்தல் வேண்டும். நாள்தோறும் பசையிட்டு ஒட்டுவதும், இரவில் பிரிப்பதும் அவ்வோரத்தையே வருத்துகின்றன. சிறு கிழிசல் ஒன்று விழுந்தால் அது உள்நோக்கி ஓடுகிறது. வியர்வையும் தோலின் எண்ணெயும் ஊறுகின்றன. வெயிலில் நிறமிகள் வெளிறுகின்றன. ஆகையால் இத்தகைய உறுப்பு, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் மாற்ற வேண்டியதாகிறது.

இக்குறையைப் போக்க அறிஞர் கண்ட வழிகள் நம் பாட்டனார் கண்ட வழியை ஒத்தவையே. வெறும் மண்சுவர் வெடிக்கும் என்று அவர்கள் மண்ணில் வைக்கோலைக் கலந்தார்கள். இன்றைய கொத்தனார் கான்கிரீட்டினுள் இரும்புக் கம்பியை வைக்கிறார். டயர் ரப்பருக்குள் கரித்தூள் சேர்ந்திருப்பதால்தான் அது சாலையில் தேயாது நெடுநாள் உழைக்கிறது. முகத்திற்குக் கரி ஆகாதன்றோ? ஆதலின் சிலிக்கோனில், நிறத்தைக் கெடுக்காத மிக நுண்ணிய சிலிக்காத் தூளைச் சேர்க்கின்றனர். மணலின் இனத்தைச் சேர்ந்த அத்தூள், ரப்பரின் நீண்ட இழைகளைப் பற்றி நின்று, கிழியாமல் தாங்கும் ஆற்றலைப் பன்மடங்கு உயர்த்துகிறது.

மற்றொரு வழி, ஓரத்தினுள் மெல்லிய நைலான் வலையைப் பதித்து வார்ப்பது. நகரி வட்டாரத்து நெசவாளர்க்கு இதன் கருத்தை விளக்க வேண்டுவதில்லை. கரை உறுதியாயிருந்தால் துணி பிரியாது. உறுப்பின் உட்புறத்தில் பாலியுரித்தேன் என்னும் மெல்லிய படலத்தை ஒட்டுவதும் உண்டு. பசையின் இழுப்பை அது ஏற்றுக்கொள்கிறது. கண்ணாடிச் சட்டத்தோடோ காந்தத்தோடோ இணைக்க வேண்டிய இடத்தில், உள்ளே கடினமான அக்ரிலிக் தளம் அமைக்கின்றனர். சிலிக்கோன் எளிதில் அக்ரிலிக்கோடு ஒட்டாது. இடையில் அதற்கென உள்ள பூச்சு வேண்டும். பூச்சில் குறை நேர்ந்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

வலிமை வேண்டுமென்று எதையும் மிகுதியாகச் சேர்த்தலும் கூடாது. சிலிக்கா மிகுந்தால் உறுப்பு விறைக்கும். வலை தடித்தால் ஓரம் வெளியே தெரியும். வெயிலைத் தடுப்பதற்காகச் சேர்த்துப் பார்க்கப்படும் டைட்டானியம், துத்தநாக ஆக்சைடு நுண்துகள்கள் அளவு மிஞ்சினால் கட்டிகட்டியாய்த் திரண்டு, அவ்விடமே கிழிசலுக்குத் தொடக்கமாகும். கிழியாத கெட்டி மூக்கொன்று செய்துவிடலாம். ஆனால் அது பழைய செப்பு முகமூடியைப் போல் அசையாது நிற்கும். மென்மைக்கும் உறுதிக்கும் நடுவே அளவறிந்து நிற்பதே இக்கலை.

ஆகவே, ஓராண்டில் ஓரம் கிழிந்தது கண்டு, ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று மனம் வெறுத்து உறுப்பைப் பெட்டியில் பூட்டிவிடுதல் தகாது. மூக்குக் கண்ணாடியைப் போல, காலந்தோறும் மாற்ற வேண்டிய பொருள் அது. முதன்முறை செல்லும்போதே, எத்தனை காலம் உழைக்கும், மறுமுறைச் செலவு என்ன, அச்சைப் பாதுகாத்து வைப்பார்களா என்று கேட்டறிதல் நன்று. பல் மருத்துவக் கல்லூரிகளில் செயற்கைப் பல் கட்டும் துறையினரே பெரும்பாலும் இப்பணியையும் செய்கின்றனர்; அங்கே விசாரிக்கலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை சில. கழற்றும்போது மெல்லிய ஓரத்தை இழுக்காது, தடித்த பகுதியைப் பற்றுக. பழைய பசையை நகத்தால் சுரண்டாது, மெல்ல உருட்டி எடுக்க. மென்மையான சோப்பும் நீரும் கொண்டு தினமும் கழுவி, நிழலில் உலர்த்துக. இரவில் கழற்றி வைத்து, அடியிலுள்ள தோலுக்கு ஓய்வு தருக. தோல் சிவந்தாலோ புண்ணானாலோ மருத்துவரிடம் காட்டுக.

ரயில்வே அலுவலில் இருக்கும் நாம் மற்றொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். புற்றுநோய்ச் சிகிச்சைக்காகச் செல்லும் நோயாளிக்கும், உடன்செல்லும் ஒருவர்க்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்குரிய படிவத்தில் மருத்துவமனையின் சான்று வேண்டும். ஏகாம்பரகுப்பத்தில் ஏறி, அரக்கோணம் வழியே சென்னைக்கோ காட்பாடிக்கோ செல்வோர், முன்பதிவுக்கு முன்பே அச்சான்றைப் பெற்றுக்கொள்வார்களாக. ஒருமுறை செலவைக் கண்டு மலைத்து, மறுமுறை செல்லாது விட்டவர்க்கு இச்சிறு உதவியும் பெரிதாகும்.

சிலிக்காவும் வலையும் உறுப்பிற்கு வலிவு தரும். அதை அணிந்து வெளியே வருபவர்க்கு வலிவு தருவோர் வீட்டாரும் அண்டை அயலாரும் ஆவர். உற்றுப் பார்த்துக் கேள்வி கேளாது, முன்போலவே பெயர் சொல்லி அழைத்துப் பந்தியில் அருகே அமர்த்துவோமாக. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.