வெந்நீர் மட்டும் நூலாக வருகிறதா? கீசரைக் குறை சொல்வதற்கு முன் ஒரு வாளி எடுங்கள்!

மார்கழி வந்தால் கீசருக்கு ஓய்வே கிடையாது. அப்போதுதான் இரண்டு புகார்கள் கிளம்பும். ஒன்று, "பச்சைத் தண்ணி நல்லா வருது, வெந்நீர் மட்டும் நூல் மாதிரி வருது." இன்னொன்று, "கீசருக்கு அடியில சொட்டுச் சொட்டா தண்ணி விழுது." முதல் புகாருக்கு பிரஷர் பம்ப் வாங்கி மாட்டுகிறோம். இரண்டாவதற்கு, சொட்டும் இடத்தைப் பசை வைத்தோ மூடி போட்டோ அடைத்துவிடுகிறோம். பம்ப், பணத்துக்குக் கேடு. அடைப்பது, உயிருக்கே கேடாக முடியலாம். தண்ணீரின் அழுத்தம் எங்கே குறைகிறது, ஏன் சொட்டுகிறது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியும்.

உப்பளக் கரையில் கூடுதல் சிக்கல்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்களுக்கு மரக்காணம் என்றாலே சாலையோர உப்பளங்கள்தான் நினைவுக்கு வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழுவேலி, நடுவே பக்கிங்ஹாம் கால்வாய். இப்படிப்பட்ட கடலோர ஊர்களில் குடிக்கத் தனியாகத் தண்ணீர் பிடித்து வைத்தாலும், குளியலறைக்கு வருவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளை படியும். நாம் அதை 'உப்பு பிடித்துவிட்டது' என்போம்.

உண்மையில் அந்த வெள்ளைப் படிவில் பெரும்பங்கு சோற்றுப்பு அல்ல, சுண்ணாம்பு. ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்புதான்.

இதை உப்பளமே விளக்கிவிடும். கடல்நீரின் அடர்த்தி பாமே அளவில் சுமார் 3.5. வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் பிரிவது சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம். ஏறக்குறைய 25 பாமேயைத் தொட்ட பிறகுதான் சோற்றுப்பு படியத் தொடங்கும். கீசருக்குள் தண்ணீர் அந்த அளவுக்குச் சுண்டுவதில்லை. எனவே உப்பு கரைந்தே இருக்கும். ஆனால் சூடு பட்டதும் சுண்ணாம்பு மட்டும் பிரிந்து ஹீட்டர் காயிலிலும், வால்விலும், ஷவர் துளைகளிலும் ஒட்டிக்கொள்ளும். கரைந்திருக்கும் உப்பு சும்மா இருக்காது. அதிலுள்ள குளோரைடு இரும்பை அரிக்கும். ஆக, சுண்ணாம்பு வழியை அடைக்கிறது, உப்பு தொட்டியைத் துளைக்கிறது. எதிரி இரண்டு பேர்!

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐ.எஸ். 10500) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்கிறது. உங்கள் போர் தண்ணீரை ஒருமுறை பரிசோதித்து வைத்துக்கொண்டால், கீசரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும் என்று முடிவு செய்யலாம்.

வாளிச் சோதனை

கீசர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். 10 லிட்டர் வாளியைப் பச்சைத் தண்ணீர்க் குழாயின் கீழ் வைத்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். பிறகு வெந்நீர்க் குழாயில் அதே வாளி.

* இரண்டுமே மெதுவாக வந்தால் கீசர் குற்றவாளி இல்லை. மாடித் தொட்டியில் தண்ணீர் குறைவாக இருக்கலாம். தொட்டியின் கேட் வால்வு பாதி மூடியிருக்கலாம். சமீபத்தில் தொட்டி காலியாகியிருந்தாலோ கழுவியிருந்தாலோ பைப்பில் காற்று அடைத்திருக்கலாம். எல்லாக் குழாய்களையும் சிறிது நேரம் திறந்துவிட்டால், 'புஸ் புஸ்' என்று காற்று வெளியேறிச் சரியாகிவிடும்.
* பச்சைத் தண்ணீர் வேகமாக வந்து, வெந்நீருக்கு இரண்டு மடங்குக்கு மேல் நேரம் ஆனால், அடைப்பு வெந்நீர்ப் பாதையில்.
* குழாயில் வெந்நீர் நன்றாக வந்து, ஷவரில் மட்டும் குறைந்தால், ஷவர் தலைதான் காரணம். கழற்றி, வினிகரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த நீரிலோ ஊறவைத்துத் தேய்த்தால் போதும்.

வெந்நீர்ப் பாதையில்தான் அடைப்பு என்று தெரிந்தால், வெளியிலிருந்து உள்ளே தேடுங்கள். குழாய் வாயிலுள்ள சல்லடை, மிக்சர், கீசரிலிருந்து வரும் இணைப்புக் குழாய், கடைசியாக கீசருக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக். யாராவது அதைப் பாதி மூடிவிட்டு மறந்திருப்பது அடிக்கடி நடக்கும் கதை. இவை எல்லாம் சரியாக இருந்தால் மிஞ்சுவது, கீசரின் அடியில் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சேஃப்டி வால்வு. தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் உறுப்பும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். சுண்ணாம்பு படிந்தால் அது முழுதாகத் திறக்காது. இணைப்புகளைக் கழற்றும் வேலையை பிளம்பரிடம் விடுங்கள். அதற்கு முன் மெயின் போர்டில் கீசருக்கான எம்.சி.பி.யை அணைத்து, தண்ணீர் ஆறும் வரை காத்திருப்பது அவசியம்.

சொட்டுவது நோயா, இயல்பா?

பழைய வீடுகளில் இருந்த செம்பு பாய்லர் ஞாபகம் இருக்கிறதா? நடுவில் கரி போட்டு, மேலே மூடி திறந்து தண்ணீர் ஊற்றுவோம். திறந்த பாத்திரம் என்பதால் அதில் அழுத்தம் சேராது. கீசர் அப்படியில்லை, மூடிய தொட்டி. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு கூடும். அந்த ஒரு டம்ளருக்கு இடமில்லாமல் அழுத்தம் ஏறும்போது, சேஃப்டி வால்வு கொஞ்சம் தண்ணீரை வெளியே விடும்.

* கீசர் ஓடும்போது மட்டும் சொட்டி, பிறகு நின்றால் இயல்பு. அதில் ஒரு சிறு டியூப் மாட்டித் தரை வடிகாலுக்கு விடுங்கள். டியூப்பின் முனை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.
* கீசரை அணைத்த பிறகும் இரவு பகலாகச் சொட்டினால், வால்வில் சுண்ணாம்பு சிக்கியிருக்கிறது, அல்லது வீட்டு லைனில் அழுத்தம் அதிகம். வால்வை மாற்ற வேண்டியிருக்கும்.
* வால்விலிருந்து இல்லாமல் கீசரின் உடம்பிலிருந்து, துருநிறத்தில் கசிந்தால் உள்தொட்டி ஓட்டையாகியிருக்கலாம். உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். தொட்டி அரித்துப்போயிருந்தால் ஒட்டுப் போட முயலாமல் மாற்றுவதே பாதுகாப்பு.

சேஃப்டி வால்வை ஒருபோதும் அடைக்காதீர்கள். தெர்மோஸ்டாட் பழுதாகி, சூடு நிற்காமல் ஏறும் நாளில் அந்த வால்வுதான் கடைசிக் காவல். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் நீராகவே இருக்கும். தொட்டி வெடித்தால் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஆவி, நீரைப்போல் சுமார் 1,600 மடங்கு இடம் பிடிக்கும். கதவையும் சுவரையும் பெயர்க்கும் சக்தி அங்கிருந்துதான் வருகிறது.

பம்ப் தானாக ஓடுகிறதா?

தண்ணீரின் உயரம் 10 மீட்டர் என்றால் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். மாடித் தொட்டி ஷவரைவிட 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார்தான் கிடைக்கும். புது மாடல் ஷவர்களுக்கு இது போதாமல் பிரஷர் பம்ப் வைப்பது உண்டு. ஆனால், அடைப்பைப் பம்ப் தீர்க்காது. பம்ப் வைக்கும் முன், கீசர் தாங்கும் அழுத்தம் எவ்வளவு என்று அதன் மேலுள்ள தகட்டில் பாருங்கள்.

ஏற்கெனவே பம்ப் இருக்கும் வீட்டில், யாரும் குழாய் திறக்காதபோதும் அது அவ்வப்போது ஓடி நின்றால், எங்கோ கசிவு இருக்கிறது. கீசரை அணைத்து, அதற்குப் போகும் ஆங்கிள் காக்கை மூடிப் பாருங்கள். பம்ப் அமைதியானால் கசிவு கீசர் பக்கம். இல்லையென்றால் ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு 20 நிமிடம் காத்திருங்கள். ஃப்ளஷ் செய்யாமலே கோப்பையில் நிறம் இறங்கினால், திருடன் அங்கே! சோதனை முடிந்து ஆங்கிள் காக்கைத் திறந்து, குழாயில் தண்ணீர் வருவதை உறுதி செய்த பிறகே கீசரைப் போடுங்கள்.

லண்டனில் இருக்கும் பிள்ளைகள் வீட்டிலும் இதே துப்பறிதல்தான். அங்கே வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் மீட்டர், குளிர்ந்த நிலையில் பொதுவாக 1 முதல் 1.5 பார் காட்டும். அடிக்கடி இறங்கினால் சந்தேகம் மூன்று: ரேடியேட்டர் அல்லது பைப்பில் கசிவு, சேஃப்டி வால்வு ஒழுகுவது, விரியும் தண்ணீருக்கு இடம் தரும் சிறு தொட்டியில் காற்று இறங்குவது. சூட்டில் முள் 3 பாரை நெருங்கி, ஆறியதும் அடியோடு விழுந்தால் மூன்றாவதுதான் முதல் சந்தேகம். கேஸ் பாய்லரைத் திறக்க, அங்கே 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவரைத்தான் அழைக்க வேண்டும்.

ஐப்பசியிலேயே செய்துவிடுங்கள்

* வருடம் ஒருமுறை, குளிருக்கு முன்பே மெக்கானிக்கை அழைத்துத் தொட்டியைக் கழுவி, காயிலில் படிந்த சுண்ணாம்பை எடுக்கச் சொல்லுங்கள்.
* தொட்டிக்குள் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். தொட்டிக்குப் பதிலாக அது அரிபட்டுக் காப்பாற்றும். உவர் தண்ணீரில் சீக்கிரம் கரையும். மெலிந்திருந்தால் மாற்றுங்கள்.
* தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் இருந்தால் போதும். சூடு ஏற ஏறச் சுண்ணாம்பும் அதிகம் படியும். குழந்தைகளுக்கு ஊற்றும்போது பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து, பிறகு வெந்நீரைக் கலக்குங்கள்.
* அரிபட்ட காயில் வழியாகத் தண்ணீரில் மின்சாரம் கசியலாம். நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இருக்கிறதா என எலெக்ட்ரீஷியனிடம் உறுதி செய்யுங்கள். அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.
* குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் கீசரைப் போடவே போடாதீர்கள்.
* வாளி நிறைய ஆன விநாடிகளை காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த மார்கழியில் அந்த எண் கூடியிருந்தால், வெந்நீர் நூலாகும் முன்பே விஷயம் தெரிந்துவிடும்.