பிழைப்புக்கு வாங்கிய வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றால் யார் பொறுப்பு?

புது வண்டி வாங்கினால் நம்மவர்கள் முதலில் ஓட்டிச் செல்லும் இடம் கோயில். தாராவி ஆனாலும் சரி, மாட்டுங்கா, செம்பூர் ஆனாலும் சரி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகுதான் வண்டி ரோட்டுக்கு வரும்.

அமெரிக்காவில் எலுமிச்சம்பழத்துக்கு அர்த்தமே வேறு. வாங்கிய நாளில் இருந்து தொல்லை கொடுக்கும் புது வண்டிக்கு அங்கே 'எலுமிச்சை' என்று பெயர். திரும்பத் திரும்ப ரிப்பேர் பார்த்தும் சரியாகாத வண்டியைக் கம்பெனியே எடுத்துக்கொண்டு வேறு வண்டி அல்லது பணம் தர வேண்டும் என்று 1982-ம் ஆண்டு கனெக்டிகட் மாநிலம் சட்டம் செய்தது. பிறகு மற்ற மாநிலங்களும் அதே வழியில் சென்றன. 'எலுமிச்சைச் சட்டம்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

நம் நாட்டில் அந்தப் பெயரில் தனிச் சட்டம் கிடையாது. அதனால் வண்டி வாங்கியவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதானா? இல்லை. வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

தவணை நிற்குமா?

ஊரில் இருந்து வந்து பல ஆண்டுகள் வாடகை ஆட்டோ ஓட்டியவர் ஒருவர். கையில் இருந்ததைப் போட்டு, மீதிக்குக் கடன் எடுத்துச் சொந்த வண்டி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது மாதமே என்ஜினில் சத்தம். ஒர்க்‌ஷாப்பில் விட்டால், "இரண்டு நாள் கழித்து வாருங்கள்" என்கிறார்கள். இரண்டு நாள் பத்து நாள் ஆகிறது. வண்டி வெளியே வந்த மூன்றாம் நாள் அதே சத்தம்.

சொகுசுக்குக் கார் வாங்கியவர், வண்டி நின்றால் ரெயிலில் போய்விடுவார். இவர் வண்டி நின்றால் இவர் வீட்டு அடுப்பும் நிற்கும். ஆனால் கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனியின் தவணை மட்டும் நிற்காது.

சண்டை முற்றும்போது இவரிடம் ஒரு வார்த்தை சொல்லப்படும். "இது வியாபார வண்டி. மஞ்சள் நம்பர் பிளேட். நீ நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது." பலர் இந்த ஒரு வார்த்தையிலேயே மனம் உடைந்து திரும்பிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. பாதி பொய்.

கோவை எந்திரம் தந்த தீர்ப்பு

வியாபார நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 1986-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொன்னது. அப்படியானால் தையல் எந்திரம் வாங்கிய தையற்காரர்? டாக்சி வாங்கிய டிரைவர்? இந்தக் குழப்பம் தீர, 1993-ல் சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள், வியாபார நோக்கத்தில் சேராது என்பதே அந்த விளக்கம்.

இதைத் தெளிவுபடுத்தியது, மராட்டியத்தையும் தமிழ்நாட்டையும் தொட்ட ஒரு வழக்கு. லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்திடம் கம்ப்யூட்டர் மூலம் இயங்கும் கடைசல் எந்திரம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தது. எந்திரம் தாமதமாக வந்தது, அதில் குறைகளும் உள்ளன என்று மராட்டிய மாநில நுகர்வோர் கமிஷனில் புகார் செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

1995 ஏப்ரல் 4-ந்தேதி தீர்ப்பு வந்தது. அந்த நிறுவனம் எந்திரம் வாங்கியது வியாபார நோக்கத்துக்கே, எனவே அது நுகர்வோர் அல்ல என்று கோர்ட்டு கூறியது. நிறுவனம் தோற்றது. ஆனால் அதே தீர்ப்பு ஏழைத் தொழிலாளிக்குக் கதவைத் திறந்து வைத்தது.

ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். லாரி வாங்கித் தானே ஓட்டுபவரும் நுகர்வோர்தான். கடைசல் எந்திரம் வாங்கித் தானே வேலை செய்பவரும் அப்படியே. உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. ஆனால் வண்டியை வாங்கி முழுக்க முழுக்க வேறு ஆளிடம் ஓட்டக் கொடுப்பவர் நுகர்வோர் ஆகமாட்டார். தீர்ப்பு சொன்ன கணக்கு இது.

2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கும் 2019-ம் ஆண்டுச் சட்டத்திலும் சுயதொழில் விளக்கம் அப்படியே இருக்கிறது. ஆகவே புகார் எழுதும்போது, "சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கி, நானே ஓட்டுகிறேன்" என்ற வரியைக் கட்டாயம் எழுத வேண்டும். உங்கள் பெயரில் உள்ள பேட்ஜும் பெர்மிட்டும் அதற்குச் சாட்சி.

பத்மினி காலம் வேறு

ஒரு காலத்தில் கார் கிடைப்பதே அதிர்ஷ்டம். கல்கத்தா பக்கத்தில் அம்பாசடர், சென்னையில் ஸ்டாண்டர்டு, நம் குர்லாவில் பியட். இந்த மூன்றை விட்டால் வேறு கிடையாது. பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கார்களின் தரம் பற்றிப் புகார்கள் குவிந்ததால், 1967-ல் மத்திய அரசு அதை விசாரிக்கத் தனிக் குழு அமைக்க வேண்டியிருந்தது.

ஆனால் குர்லாவில் பிறந்த பிரிமியர் பத்மினி டாக்சிக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் அதைப் பிரித்துப் பூட்டிவிடுவார். 2003 அக்டோபரில் பதிவான கடைசி பத்மினி டாக்சி, 20 ஆண்டு வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது.

2020 ஏப்ரல் 1 முதல் 'பாரத் ஸ்டேஜ் 6' புகை விதி வந்துவிட்டது. இப்போதைய வண்டியில் சென்சாரும் எலெக்ட்ரானிக் பெட்டியும் என்ஜினை ஆள்கின்றன. கோளாறு என்ன என்று பார்க்கவே கம்பெனி ஒர்க்‌ஷாப்பின் கருவி வேண்டும். வெளியே பார்த்தால் வாரண்டி போய்விடும் என்ற பயம் வேறு. அதனால்தான் முன்பு அலமாரியில் தூங்கிய வாரண்டிப் புத்தகம் இன்று வண்டிச் சாவிக்குச் சமமாகிவிட்டது.

புத்தகத்தில் என்ன இருக்கிறது?

வாரண்டி என்றால் "கெட்டுப் போனால் புது வண்டி" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் எழுதிக் கொடுப்பது, "குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வோம் அல்லது மாற்றித் தருவோம்" என்பதுதான். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், பல்பு போன்ற தேயும் பொருட்கள் பொதுவாக அதில் வரா. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த கம்பெனிதான் பொறுப்பு என்றும் எழுதியிருக்கும்.

குறித்த கிலோமீட்டரில் சர்வீஸ் செய்யாவிட்டாலோ, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினாலோ, வெளியே கேஸ் கிட் மாட்டினாலோ, வயரிங்கை வெட்டி ஹாரனும் விளக்கும் சேர்த்தாலோ, "வாரண்டி இல்லை" என்று சொல்ல வழி கிடைத்துவிடும்.

கூண்டு கட்டிய வண்டியில் சிக்கல் இன்னும் அதிகம். சேசிஸ் ஒரு கம்பெனி. அதன் மேல் கூண்டு கட்டுபவர் வேறு ஒருவர். பஸ் கூண்டுக்குக் கரூரும், லாரி கூண்டுக்கு நாமக்கல்லும் திருச்செங்கோடும் பெயர் பெற்ற ஊர்கள். தண்ணீர் ஒழுகினால், ஆட்டம் கண்டால், "கூண்டின் குறை" என்பார் சேசிஸ்காரர். "சேசிஸின் குறை" என்பார் கூண்டுக்காரர். சாப்பாட்டுக் கடை நடத்த வேன் கட்டுபவர்களும் இதே வலையில்தான் சிக்குகிறார்கள்.

அமெரிக்காவிலும் இந்தக் கதை உண்டு. படுக்கையும் சமையல் அறையும் கொண்ட மோட்டார் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவின் எலுமிச்சைச் சட்டத்தில் அதன் ஓடும் பகுதிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, குடியிருக்கும் பகுதிக்குக் கிடையாது. ஆகவே கூண்டு கட்டும்போதே, எந்தக் குறைக்கு யார் பொறுப்பு, எத்தனை மாதம் என்று பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது.

எப்போது பணம் திரும்பும்?

இதில் இரண்டு தீர்ப்புகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2006-ல் மாருதி கார் வழக்கு ஒன்றில், பாகத்தை மாற்றித் தருவதாக மட்டும் வாரண்டி சொல்லும்போது முழுக் காரையும் மாற்றித் தரும்படி உத்தரவிட முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

2010-ல் பியட் கார் வழக்கு ஒன்றில் வேறு நிலைமை. என்ஜினை மாற்றிக் கொடுத்த பிறகும், வண்டியிலேயே தயாரிப்புக் குறை இருப்பதாகத் தனி நிபுணர் கருதினால், விலையை 12 சதவீத வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்று அதே கோர்ட்டு சொன்னது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு சொல்தான்: தயாரிப்புக் குறை. அதை வாயால் சொன்னால் போதாது. நிபுணர் அறிக்கை வேண்டும். பரிசோதனைக்கு அனுப்பும்படி நுகர்வோர் கமிஷனிடமே கேட்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

டீலர் வேறு, கம்பெனி வேறு என்பதையும் மறக்கக் கூடாது. கோவாவில் 2009-ல் தயாரான காரை 2011-ம் ஆண்டு மாடல் என்று டீலர் விற்றதாக வந்த வழக்கில், டீலர் செய்ததற்குத் தயாரிப்பாளர் பொறுப்பல்ல என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. எனவே வண்டி எடுக்கும்போதே தயாரித்த மாதம், ஆண்டு பார்க்க வேண்டும். புகாரை எப்போதும் இருவருக்கும் அனுப்ப வேண்டும்.

ஜாப் கார்டு இல்லாமல் வண்டியை விடாதீர்கள்

ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடும் ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டு வாங்க வேண்டும். அதில் உங்கள் குறை, நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதப்பட வேண்டும். "என்ஜினில் சத்தம்" என்று நீங்கள் சொல்ல, "பொது சர்வீஸ்" என்று அவர்கள் எழுதினால், கோர்ட்டில் உங்கள் சத்தம் கேட்காது. விட்ட தேதி, எடுத்த தேதி, கிலோமீட்டர் மூன்றும் இருக்கட்டும். அதே குறை ஐந்து ஜாப் கார்டில் இருந்தால், ஐந்து சாட்சிகள் இருப்பதற்குச் சமம்.

இந்தி, மராத்தி எழுதத் தெரியாது என்று தயங்க வேண்டாம். ஆபீசில் வேலை பார்க்கும் அண்டை வீட்டுக்காரரிடம் சொன்னால் அரைப் பக்க ஆங்கிலக் கடிதம் எழுதித் தருவார். அதைப் பதிவுத் தபாலிலோ இ-மெயிலிலோ அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். போனில் போட்ட நூறு சண்டையைவிட அந்த ஒரு நகல் மேல்.

பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். மும்பையில் வழி காட்டும் சங்கங்களும் உண்டு. இந்திய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கம் 1966-ல் இங்கே ஒன்பது பெண்கள் சேர்ந்து தொடங்கியது. மும்பை கிராகக் பஞ்சாயத்து 1975 முதல் இயங்குகிறது.

கோர்ட்டு எங்கே? செலவு எவ்வளவு?

கம்பெனி புனேயில் இருக்கிறது, சென்னையில் இருக்கிறது என்று மலைக்க வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்து மாவட்டக் கமிஷனிலேயே புகார் செய்யலாம் என்கிறது 2019-ம் ஆண்டுச் சட்டம். தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டம். செம்பூர் புறநகர் மாவட்டம்.

கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்டக் கமிஷன் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நீங்களே வாதாடலாம். குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்துவிட வேண்டும்.

பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட நாளாகும். அதனால் வழக்கையே நம்பித் தவணையை நிறுத்திவிடக் கூடாது. தவணை தவறினால் வண்டியைப் பைனான்ஸ்காரர் எடுத்துக்கொண்டு போவார். பிறகு குறையைக் காட்ட வண்டியே கையில் இருக்காது. வண்டி நின்ற நாட்களுக்கான வருமான இழப்பையும் புகாரிலேயே கேளுங்கள்.

ஒரு பழைய பிளாஸ்டிக் பை போதும். வாங்கிய பில், வாரண்டிப் புத்தகம், ஜாப் கார்டுகள், கடித நகல்கள் எல்லாவற்றையும் அதில் போட்டு வீட்டில் பத்திரமாக வைத்துவிடுங்கள். வண்டி நல்லபடியாக ஓடினால் அந்தப் பையைத் திறக்கவே வேண்டாம். ஓடாவிட்டால், எதிரே எவ்வளவு பெரிய கம்பெனி நின்றாலும், உங்கள் பக்கம் பேசப்போவது அந்தப் பைதான்.